பீன்ஸில் இரும்பு கூடினால் ரத்தத்தில் கூடுமா?

கேள்வி: ஐயா, கோத்தகிரி பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் காய்கறி நிலம் இருக்கிறது. கேரட்டும் பீன்ஸும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். மகளுக்கு வயது 16. பள்ளியில் ரத்தம் சோதித்ததில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாதி நாள் சாப்பிடுவதில்லை. ஆப்பிரிக்காவில் ருவாண்டா என்ற நாட்டில் இரும்புச்சத்து அதிகமுள்ள பீன்ஸ் ரகம் உருவாக்கி, அதைச் சாப்பிட்டே பெண்களுக்கு ரத்தம் ஊறியதாக ஒரு வீடியோவில் பார்த்தேன். அந்த விதை எங்கே கிடைக்கும்? கிடைத்தால் நாங்களே போட்டுச் சாப்பிடலாமே. அது மரபணு மாற்றிய விதையா? பயறில் இருக்கும் இரும்பு உடம்பில் ஒட்டவே ஒட்டாது என்று என் நாத்தனார் சொல்கிறாள். அது உண்மையா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பயறு வகைகளில் ரகம் உருவாக்கும் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். விதையைப் பற்றிக் கேட்டால் நிறுத்தாமல் பேசுவேன். அதனால் முதலில் மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துபோகும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். 9.6 என்பது லேசான குறைவு அல்ல, அதற்கு அடுத்த படி. எந்த நாட்டுப் பீன்ஸும் இதைச் சரிசெய்யாது. வயிற்றைப் பிரட்டுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை போடும் வேளையை மாற்றுவார், இல்லை அளவைக் குறைப்பார், அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மருந்து எழுதுவார். அவள் பாட்டுக்கு நிறுத்துவதுதான் தவறு. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறதா, குடற்புழு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஓட்டைக் குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது.

சரி, பீன்ஸுக்கு வருவோம்.

நம் ஊரில் பீன்ஸ் என்றால் பச்சைக் காய். நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்வோம். ருவாண்டாவில் பேசப்படும் பீன்ஸ் அந்தச் செடியின் முற்றிக் காய்ந்த விதை. தாவரக் கணக்கில் இரண்டும் ஒரே இனம்தான், நாம் ராஜ்மா என்று வாங்குவதும் அதேதான். ஆனால் சத்துக் கணக்கு வேறு. 100 கிராம் பச்சைக் காயில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் இரும்பு இருக்கும். காய்ந்த விதையிலோ ரகத்தைப் பொறுத்து மூன்றரை முதல் 9 மில்லிகிராம் வரை இருக்கும். நீங்கள் பிஞ்சிலேயே பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறீர்கள். வீடியோவில் வந்தது அதுவல்ல.

ருவாண்டாவும் உங்கள் ஊரைப் போல மலைநாடுதான். சரிவுகளில் தேயிலை, அதற்கு நடுவே குச்சி நட்டு ஏற்றிய கொடி பீன்ஸ். அங்கே பீன்ஸ் தொட்டுக்கொள்ளும் பண்டம் அல்ல, சாப்பாடே அதுதான். நமக்குச் சோறு எப்படியோ அப்படி. மதியமும் இரவும் தட்டில் பீன்ஸ் இருக்கும். கறியும் மீனும் எப்போதாவது கிடைப்பவை. இப்படி ஒரே பயிரை மலைபோல் சாப்பிடும் ஊரில், அந்தப் பயிரிலேயே சத்தைக் கூட்டிவிட்டால் யாரும் சாப்பாட்டுப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. கடையில் தனியாக எதையும் வாங்க வேண்டியதும் இல்லை. எண்ணம் இவ்வளவுதான். இதை 1990களில் வலியுறுத்திப் பேசிய ஹோவர்த் பூயிஸ் பயிர் விஞ்ஞானி அல்ல, பொருளாதார நிபுணர். சத்தைக் கூட்டினால் விளைச்சல் குறையும், விவசாயி தொட மாட்டான் என்று எங்கள் ஆட்களே அப்போது அவரிடம் கையை விரித்தார்கள். அவர் விடவில்லை. ஹார்வெஸ்ட்பிளஸ் என்ற திட்டம் அப்படித்தான் பிறந்தது. 2016-ல் உலக உணவுப் பரிசு பெற்ற நால்வரில் அவரும் ஒருவர்.

எவ்வளவு கூட்டினால் போதும்? இதற்கு அவர்கள் போட்ட கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சாதாரண பீன்ஸில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை 94 ஆக்க வேண்டும், அதாவது 44 கூட வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஒரு பெண் நாளைக்கு 200 கிராம் பீன்ஸ் சாப்பிடுவதாக வைத்துக்கொண்டால் கூடுதலாகக் கிடைப்பது 8.8 மில்லிகிராம். வேகவைப்பதில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சியதில் நூற்றுக்கு 5 பங்குதான் குடலைத் தாண்டி ரத்தத்துக்குள் போகும். கடைசியில் கையில் நிற்பது 0.4 மில்லிகிராம். மாதவிடாய் வயதில் இருக்கும் பெண்ணுக்குத் தினமும் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்பு உள்ளே போய்ச் சேர வேண்டும். இத்தனை பாடுபட்டு விதையில் சேர்த்த கூடுதல் இரும்பு அதில் கால் பங்குக்குச் சற்று மேலே ஈடுகட்டும்.

உங்கள் நாத்தனார் சொன்னது பாதி சரி என்பது இப்போது புரிந்திருக்கும். ஒட்டவே ஒட்டாது என்பது தப்பு. நூறில் ஐந்துதான் ஒட்டும் என்பது உண்மை.

மீதி ஏன் ஒட்டுவதில்லை? விதை என்பது நமக்காக உண்டானது அல்லவே, நாளை முளைக்கப்போகும் கன்றுக்காகச் செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அந்தக் கன்றுக்கு வேண்டிய மணிச்சத்தை (பாஸ்பரஸை) ஃபைட்டிக் அமிலம் என்ற வடிவில் செடி சேமித்து வைக்கிறது. அந்த அமிலம் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், நம் வயிற்றுக்குள் போன பிறகும் விடாது. இது போதாதென்று விதைத்தோலில் துவர்ப்புப் பொருள்கள் வேறு. கறுப்பும் அடர் சிவப்புமான விதைகளில் அவை அதிகம். ரகம் உருவாக்கியவர்களுக்கு இதில் ஒரு தலைவலி காத்திருந்தது. இரும்பு அதிகமுள்ள செடிகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், சில ரகங்களில் ஃபைட்டிக் அமிலமும் கூடவே ஏறியது. ஒரு கையால் கொடுத்துவிட்டு மறு கையால் பிடுங்கியது போல.

அப்படியானால் அந்த அமிலத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். இத்தாலியில் ஃபைட்டிக் அமிலம் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துபோன ஒரு பீன்ஸ் வரிசை கிடைத்தது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல செய்தி வேறில்லை. ருவாண்டாப் பெண்களுக்கு அதைச் சமைத்துக் கொடுத்து, எவ்வளவு இரும்பு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். 2016-ல் முடிவு வெளிவந்தது. இரும்பு அதிகமுள்ள ரகத்திலிருந்து கிடைத்த அளவுதான் இதிலும் கிடைத்தது, பெரிதாகக் கூடவில்லை. ஆனால் சாப்பிட்டவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறு வந்துவிட்டது. காரணம், அந்த விதை சரியாக வேகவில்லை. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது, நன்றாகக் கொதித்தால்தான் அழியும். அமிலத்தைக் குறைத்ததால் விதையின் வேகும் தன்மையே மாறி, நஞ்சு மிச்சம் நின்றுவிட்டது. செடியில் ஒரு நூலை இழுத்தால் இன்னொரு பக்கம் எது அவிழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எங்கள் தொழிலில் இதை ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது பட்டுத்தான் தெரிந்துகொள்வோம்.

இப்போது கவனம் விதைத்தோல் பக்கம் திரும்பியிருக்கிறது. அமெரிக்காவில் கேரன் சிக்கி, ரேமண்ட் கிளான் போன்ற விஞ்ஞானிகள் மஞ்சள் பீன்ஸை வைத்து வேலை செய்திருக்கிறார்கள். சிலி நாட்டு மன்டேக்கா என்ற வெளிர்மஞ்சள் வகை சீக்கிரம் வேகிறது, அதிலுள்ள இரும்பும் மற்றவற்றைவிடச் சுலபமாகக் கிடைக்கிறது. தோலில் இருக்கும் எல்லாப் பொருளும் இரும்பைத் தடுப்பதில்லையாம், சில ஏற்றிவிடவும் செய்கின்றன. இந்த மன்டேக்காவுக்கு வாயு தராத பீன்ஸ் என்றும் ஊரில் பெயர் உண்டு. இரும்புக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவே நம் வீடுகளில் வரவேற்பு இருக்கும் என்று நினைக்கிறேன்.

மரபணு மாற்றியதா என்று கேட்டீர்கள். ருவாண்டா ரகங்கள் அப்படி அல்ல. பழைய முறைதான், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் தடவிச் சேர்ப்பது. கொலம்பியாவில் காலி நகரத்துக்குப் பக்கத்தில் உலகத்தின் மிகப் பெரிய பீன்ஸ் விதை வங்கி இருக்கிறது. முப்பத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே உள்ளன. சோதித்துப் பார்த்தவற்றில் கிலோவுக்கு 35 மில்லிகிராம் இரும்பு உள்ளவையும் இருந்தன, 90-ஐத் தொட்டவையும் இருந்தன. அந்த வித்தியாசம்தான் மூலதனம். உயர்ந்த இரும்பு உள்ளவற்றையும், விளைச்சலும் நோய்த் தாங்குதலும் உள்ளவற்றையும் சேர்த்துச் சேர்த்து, தேறாதவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கட்ட வேண்டும். இரும்பைத் தீர்மானிப்பது ஒற்றை மரபணு அல்ல, பல சேர்ந்து இழுக்கும் தேர். அதனால்தான் இத்தனை வருடம் ஆகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரும்பு கண்ணுக்குத் தெரியாது. சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ கூடினால் கிழங்கு ஆரஞ்சு நிறமாகிவிடும், குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். பீன்ஸில் நிறம், ருசி, எடை எதுவும் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு செடியின் விதையையும் எக்ஸ்ரே கருவியில் வைத்து அளக்க வேண்டும். அதிலும் ஏமாறலாம். பல வருடங்களுக்கு முன் ஒரு உளுந்து வரிசையில் எனக்கு நம்ப முடியாத அளவு இரும்பு வந்தது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. அப்புறம் அலுமினிய அளவைப் பார்த்த உதவியாளர் மெதுவாக வந்து சொன்னார், 'சார், இது உளுந்து இல்லை, செம்மண்.' விதையில் ஒட்டியிருந்த தூசியைத்தான் நான் அளந்திருந்தேன். விதைக்குள் அலுமினியம் அவ்வளவாக ஏறாது, அது கூடியிருந்தால் மண் கலந்திருக்கிறது என்று அர்த்தம். பாலபாடம்தான், ஆசை வந்தால் அதுவும் மறந்துவிடுகிறது.

ருவாண்டாவில் முதல் ரகங்கள் 2010-ல் வந்தன, 2012-ல் இன்னும் சில, மொத்தம் பத்து. செடி வகையும் உண்டு, கொடி வகையும் உண்டு. பெயர்கள் ஆர்டபிள்யூஆர் 2245, மேக் 44 என்று வண்டி நம்பர் போல இருக்கும். அவை பரவியதற்குக் காரணம் இரும்பு மட்டும் என்று நினைத்தால் தப்பு. விளைச்சல் நன்றாக வந்தது. அந்த நாட்டுப் பெண் விவசாயிகள் பீன்ஸ் விஷயத்தில் கெட்டிக்காரிகள். பல நிற விதைகளைக் கலந்து விதைப்பதும், எந்தச் சரிவுக்கு எந்தக் கலவை என்று முடிவு செய்வதும் அவர்கள்தான். 1980களின் இறுதியிலேயே ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்களை அழைத்து ரகம் தேர்வு செய்ய வைத்த நாடு அது. விளையாத செடியை, வேகாத விதையை அவர்கள் தலையில் கட்ட முடியாது.

இனி, வீடியோவில் சொன்ன அந்த ஆய்வு. அது நடந்தது உண்மை. ருவாண்டாவின் ஹுயே நகரப் பல்கலைக்கழகத்தில் 18 முதல் 27 வயது வரையிலான, உடலில் இரும்புச் சேமிப்பு குறைந்த 195 பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குக் கிலோவுக்கு 86 மில்லிகிராம் இரும்புள்ள பீன்ஸ், மற்றவர்களுக்கு 50 உள்ள சாதாரண பீன்ஸ், 128 நாள். நாளொன்றுக்கு ஆளுக்கு ஏறத்தாழ 170 கிராம் காய்ந்த விதை. முதல் கூட்டத்துக்குப் பீன்ஸிலிருந்து தினம் 14.5 மில்லிகிராம் இரும்பு கிடைத்தது, மற்றவர்களுக்கு 8.6. முடிவில் முதல் கூட்டத்தாருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 0.38 கிராம் கூடுதலாக ஏறியிருந்தது. சேமிப்பு இரும்பும் கூடியது. ஞாபக சக்தி, கவனம் பற்றிய சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. சாப்பாட்டுப் பயிர் ஒன்று இவ்வளவு செய்ததே எங்களுக்குக் கொண்டாட்டம். ஒரு நாட்டின் லட்சக்கணக்கான பெண்களுக்கும் வருடம் முழுவதும் இது நடந்தால் பலன் பெரிது.

ஆனால் உங்கள் மகளின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 9.6-லிருந்து 12-க்கு இன்னும் 2.4 வேண்டும். நான்கு மாதத்துக்கு மேல் தினம் 170 கிராம் ராஜ்மா தின்று கிடைத்த கூடுதல் 0.38. அவள் மாத்திரைக்கே முகம் சுளிக்கிறாள், இரண்டு வேளையும் ராஜ்மா போட்டால் வீட்டை விட்டே ஓடிவிடுவாள். எல்லா இடத்திலும் இந்த அளவு பலன்கூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெக்சிகோவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கறுப்பு பீன்ஸ் கொடுத்துச் செய்த ஆய்வில் இரண்டு கூட்டத்துக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. கறுப்புத் தோலின் துவர்ப்பும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

விதை விஷயம். ருவாண்டா விதை இங்கே கடையில் கிடைக்காது. தெரிந்தவர் யாராவது பையில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியாவுக்குள் விதை வர இறக்குமதி அனுமதியும் நோயில்லாச் சான்றும் வேண்டும். ஆராய்ச்சிக்கு வரும் விதைகூட டெல்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு வள நிறுவனம் வழியாகத் தனிமைப்படுத்தலைத் தாண்டித்தான் வருகிறது. வெறும் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. பீன்ஸின் தேமல் வைரஸ் விதைக்குள்ளேயே பயணம் செய்யும், பிறகு அசுவினிப் பூச்சி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகும். உங்கள் அரை ஏக்கரோடு நிற்காது. இங்கேயே யாராவது 'இரும்பு பீன்ஸ்' என்று பெயர் போட்டு விற்றாலும் சோதனை அறிக்கை கேளுங்கள். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத குணம் என்பதால் இதில் ஏமாற்றுவது மிகச் சுலபம்.

நம் நாட்டில் பயறு வகையில் இரும்பு கூட்டிய ரகம் என்றால் மைசூர் பருப்பில் இருக்கிறது. ஐபிஎல் 220 என்ற ரகத்தில் கிலோவுக்கு 73 மில்லிகிராம். அது வட இந்தியக் குளிர்காலப் பயிர், உங்கள் தோட்டத்துக்கு ஆகாது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தோட்டத்தின் ஓரத்தில் நான்கு வரிசை ராஜ்மா போட்டு முற்றவிட்டு எடுங்கள். பீன்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும் பயிர், எடுத்து வைத்த விதை அடுத்த வருடமும் அதே குணத்தோடு வரும். வாரத்தில் மூன்று நான்கு நாள் சமையுங்கள். இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு வேகவையுங்கள். குக்கர் நல்லது. அரைவேக்காடு கூடவே கூடாது. ஊறிய தண்ணீரோடு அமிலமும் கொஞ்சம் போகும். இறக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள், அல்லது சாப்பிட்டதும் ஒரு கொய்யா கொடுங்கள். அவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஃபைட்டிக் அமிலத்தின் பிடியிலிருந்து கொஞ்சம் விடுவிக்கும். கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாசிப்பயறு கொடுத்துச் செய்த வேலையின் சாரமும் இதுதான். பயறை எதோடு சேர்த்துச் சமைக்கிறோம் என்பதில் அவ்வளவு இருக்கிறது. இதையெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்யுங்கள், மாத்திரைக்குப் பதிலாக அல்ல.

அடுத்துச் சொல்வது உங்கள் ஊரில் சொல்லக்கூடாத பேச்சு. சாப்பாட்டோடும் மாத்திரையோடும் டீ வேண்டாம். டீயின் துவர்ப்பும் இரும்பைக் கட்டிப்போடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் விதையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்க ஆசை வந்தால், விதையை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, நிழலில் சுத்தமான துணியில் உலர்த்தி, முழு விதையாகவே பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்புங்கள். மில்லில் கொடுத்து அரைத்து அனுப்பினால் அந்த மெஷினின் இரும்பும் சேர்ந்து வரும்.